பத்தியச் சீட்டும் மளிகைச் சீட்டும்



மாதம் பிறந்து சம்பளம் கைக்கு வந்ததும் நம் வீடுகளில் முதலாவது எழுதப்படுவது மளிகைச் சீட்டு. அரிசி இவ்வளவு, துவரம்பருப்பு இவ்வளவு, எண்ணெய், புளி, மிளகாய், மல்லி, சீனி, காப்பித்தூள், சவுக்காரம் என்று வரிசையாக எழுதி, கடைசியில் பிள்ளைகள் நச்சரித்ததற்காக இரண்டு பொட்டலம் பிஸ்கோத்தும் சேர்த்துக் கடைக்கு அனுப்புகிறோம். அண்ணாச்சி கடைக்குப் போகிறவர்களும் உண்டு; பெரிய அங்காடியில் வண்டி தள்ளிக்கொண்டு வாங்குகிறவர்களும் உண்டு; கைப்பேசியில் தட்டி வீட்டு வாசலுக்கே வரவழைக்கிறவர்களும் இப்போது உண்டு. எப்படி வாங்கினாலும் சீட்டு ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

அதே வீட்டில் இன்னொரு சீட்டும் இருக்கிறது. திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னாலோ, மாத்திரைப் பெட்டிக்கு அடியிலோ நாலாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். அது டாக்டர் கொடுத்த பத்தியச் சீட்டு. சோற்றைக் குறைக்க வேண்டும், காய்கறியைக் கூட்ட வேண்டும், சீனியையும் வெல்லத்தையும் விலக்க வேண்டும், ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம் என்று அதில் எழுதியிருக்கும்.

இந்த இரண்டு சீட்டும் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. பத்தியச் சீட்டில் ஒன்று எழுதியிருக்க, மளிகைச் சீட்டில் வேறொன்று எழுதுகிறோம். இது வைத்தியரைச் சேர்ந்த காரியம், அல்லது அடுப்பங்கரையைச் சேர்ந்த காரியம். இதைக் கோவில் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். பிறர்சிநேகமும் நீதியும் மட்டசனமும் அடுப்பங்கரைக்கு வெளியே நின்றுவிடுகிற புண்ணியங்கள் அல்லவே! ஆகையால் இந்த வாரம் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். வீட்டில் ஒருவர் பத்தியம் இருக்கவேண்டியிருக்கையில், வீட்டுக்குச் சாமான் வாங்குகிறதில் அவருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள கடமை என்ன?

ஒரு வீட்டின் கதை

நாம் அறிந்த ஒரு வீடு. பெயர் வேண்டாம், இந்தப் பங்கிலே அப்படிப்பட்ட வீடு ஒன்று மாத்திரமல்ல. சில வருஷங்களுக்கு முன் அந்த வீட்டுத் தகப்பனாருக்கு இரத்தக் கொதிப்பு என்று தெரிந்தது. அன்றைக்கே வீடு மாறிவிட்டது. குழம்பில் உப்புக் குறைந்தது. கருவாடு நின்றது. கடலெண்ணெய் போய் டாக்டர் சொன்ன எண்ணெய் வந்தது. பிள்ளைகள் முணுமுணுத்தபோது தாயார், “அப்பாவுக்காகத்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று அடக்கினாள். மிகவும் நல்ல காரியம்.

அடுத்த வருஷம் அந்தத் தாயாருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரியவந்தது. டாக்டர் சீட்டுக் கொடுத்தார். வீடு மாறவில்லை. ஏனென்றால் மளிகைச் சீட்டை எழுதுகிறவள் அவளே. தனக்கென்று ஒரு வரி எழுத அவளுக்குக் கை வரவில்லை. “எனக்கென்று தனியாக எதற்கு? இருக்கிறதைக் கொஞ்சமாகச் சாப்பிட்டால் போகிறது” என்றாள். கேட்டவர்களும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு காய் தீர்ந்துபோயிருக்கும். மிஞ்சுவது சோறும் குழம்பும்தான். வீணாகக் கூடாதென்று அதை அவள் சாப்பிடுவாள். பிள்ளை பாதியில் வைத்துவிட்டுப் போன பாலும் சீனியும் அவளுக்கே. இப்படி மூன்று வருஷம் கழிந்து, காலில் ஆறாத புண்ணோடு ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் புருஷனும் பிள்ளைகளும் திடுக்கிட்டார்கள். “அம்மா ஒன்றும் கேட்கவே இல்லையே!” என்று மகன் நம்மிடம் சொல்லி அழுதான்.

அவள் கேட்கவில்லை என்பது மெய். மற்றவர்களும் கேட்கவில்லை என்பதும் மெய். முப்பத்தாறு மாதச் சீட்டில் ஒன்றிலாவது அவளுக்கென்று ஒரு வரி இல்லை. இது யார் குற்றம்?

சரீரம் யாருடையது?

அந்தத் தாயார் செய்தது தியாகம் என்று பலர் சொல்வார்கள். அவளுடைய எண்ணம் நல்லது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் எண்ணம் நல்லதாயிருப்பதால் மாத்திரம் செயல் சரியாகிவிடாது.

கொலை செய்யாதே என்கிற ஐந்தாம் கற்பனை பிறனுடைய உயிரை மாத்திரமல்ல, நம்முடைய உயிரையும் காக்கிறது. இந்தச் சரீரம் நம்முடைய சொந்த ஆஸ்தியல்ல. சர்வேசுரன் நம்மிடம் ஒப்புவித்திருக்கிற பொருள் அது. நாம் காரியஸ்தர் மாத்திரமே. நம்முடைய சரீரம் இஸ்பிரீத்துசாந்துவின் ஆலயமென்றும், நாம் நமக்குச் சொந்தமானவர்களல்லவென்றும் அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினார். அந்த அப்போஸ்தலரே தம் சீஷனாகிய தீமோத்தேயுவுக்கு அடிக்கடி நோவு வந்ததைக் கேள்விப்பட்டு, தண்ணீரை மட்டும் குடிக்காமல் வயிற்றின் நிமித்தம் கொஞ்சம் திராட்சை இரசமும் சேர்த்துக்கொள்ளும்படி ஆலோசனை சொல்லியிருக்கிறார். நற்செய்தி அறிவிக்கிற அலுவலின் நடுவிலும் ஒருவனுடைய பத்தியத்தைப்பற்றி எழுத அவருக்கு நேரமிருந்தது. 1992-ம் ஆண்டில் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூலும், உயிரும் சுகமும் சர்வேசுரன் தந்த கொடைகள், அவைகளைத் தகுந்தபடி பேண வேண்டும் என்று கற்பிக்கிறது.

தபசுக்குப் பேர்போன அர்ச். பிராஞ்சீஸ்கு அசீசியாரைப் பாருங்கள். அவர் தம்முடைய சரீரத்தைச் சகோதரக் கழுதை என்று அழைத்து அதற்குச் சுகமென்பதே கொடுக்காமல் நடத்தினார். ஆனால் 1226-ம் ஆண்டில் மரிப்பதற்கு முன், அந்தச் சகோதரனாகிய சரீரத்துக்கு விரோதமாகத் தாம் மிகவும் குற்றம் செய்துவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார் என்று அவருடைய சரித்திரத்தில் வாசிக்கிறோம். இவ்வளவு பெரிய தபோதனரே இப்படிச் சொன்னாரென்றால், நாம் யோசிக்க வேண்டியதாயிருக்கிறது.

ஒறுத்தல் வேறு, அசட்டை வேறு. ஒறுத்தல் என்பது ஒரு நன்மையை அதிலும் பெரிய நன்மைக்காகத் தெரிந்து விடுவது. அசட்டை என்பது யாருக்கும் யாதொரு பிரயோசனமுமின்றி ஒரு நன்மை கெட்டுப்போகும்படி விட்டுவிடுவது. மிஞ்சின சோற்றை வீணாக்கக் கூடாதென்று அந்தத் தாயார் தன் காலை வீணாக்கினாள். அந்தச் சோற்றில் ஒரு கைப்பிடி அரிசி குறைவாக உலையில் போட்டிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும்.

பத்தியம் என்பது என்ன?

இங்கே காரியத்தைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்பது நலம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியின்படி, நம் தேசத்தில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். அதன் வாசற்படியில் நிற்கிறவர்கள் 13 கோடிக்கு மேல். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோவிலில் கூடுகிற நம்மில் எத்தனையோ பேருக்கு இது சொந்த வீட்டுச் செய்தி.

பத்தியம் என்றதும் கடையில் தனி அலமாரியில் அதிக விலைக்கு விற்கிற பொட்டலங்களே அநேகருக்கு நினைவுக்கு வருகின்றன. அது தவறு. பெரும்பாலும் பத்தியம் என்பது புதிதாக ஒன்றை வாங்குவதல்ல. வாங்குகிறதன் அளவுகளை மாற்றுவதே. அரிசி கொஞ்சம் குறைய வேண்டும். பயறு, கடலை, பருப்பு கூட வேண்டும். தட்டில் பாதிக்குக் கீரையும் காயும் இருக்க வேண்டும். முருங்கைக்கீரையும் சுரைக்காயும் புடலங்காயும் அவரைக்காயும் சந்தையிலே நமக்கு எட்டாத பொருள்களல்ல.

சில மயக்கங்களையும் தெளிய வேண்டும். சீனிதான் ஆகாது, வெல்லமும் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் ஆகும் என்று பலர் வாங்குகிறார்கள். பெயரும் நிறமும் மாறினாலும் இரத்தத்தில் அவை செய்கிற வேலை ஏறக்குறைய ஒன்றே. கேழ்வரகு நல்ல தானியம். சுண்ணாம்புச் சத்து அதில் மிகுதி. ஆனாலும் அதை மாவாக்கிக் கூழாகக் கரைத்து வயிறு நிறையக் குடித்தால் சர்க்கரை ஏறாது என்பது சரியல்ல. சர்க்கரை சேர்க்காதது என்று பெரிய எழுத்தில் போட்ட பிஸ்கோத்தை வாங்குகிறவர்கள், அது மைதா மாவால் செய்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். பொட்டலத்தின் பின்புறத்தில் சேர்மானங்களைச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். எது அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது நம் தேசத்தின் சட்டம். முதல் மூன்று பெயர்களை வாசித்தாலே முன்புறத்துப் படம் சொல்வது மெய்யோ பொய்யோ என்று தெரிந்துபோகும். பாலில் கலக்குகிற மாவுப் பானங்களை ஆரோக்கிய பானம் என்ற தலைப்பில் விற்கலாகாது என்று 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மத்திய அரசு இணைய வணிகர்களுக்கு அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும்.

உப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதத்துக்கு 600 கிராம். ஊறுகாயிலும் கருவாட்டிலும் பொட்டலத் தின்பண்டங்களிலும் உள்ள உப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும். நம் வீட்டில் கிலோ உப்பு எத்தனை நாளைக்கு வருகிறது என்று கணக்குப் பார்ப்பதும் ஒருவகை ஆத்தும சோதனைதான்.

ஏழைகளைப்பற்றி ஒரு வார்த்தை. 2011-ம் ஆண்டு ஜூன் மாதமுதல் நம் இராச்சியத்தில் ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைத்து வருகிறது. அதனால் பட்டினி தீர்ந்த வீடுகள் ஏராளம். அதற்காக நன்றி செலுத்த வேண்டும. ஆனால் அரிசி விலையின்றியும், காயும் பயறும் விலைக்கும் கிடைக்கிற இடத்தில், கூலிக்காரன் வீட்டுத் தட்டில் சோறே மலையாக இருக்கும் என்பதில் ஆச்சரியமில்லை. அவனைப் பார்த்து, “ஏன் இவ்வளவு சோறு சாப்பிடுகிறாய்?” என்று கேட்பது எளிது. கேட்கிறவன் அதோடு ஒரு கிலோ பயறும் கொடுத்தால் அந்தக் கேள்விக்கு மரியாதை உண்டு.

எல்லாருக்கும் சமமாகப் பங்கிடுவதா?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். “நம் வீட்டில் எல்லாரும் ஒன்று. ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறொன்று என்று வாங்கினால் ஓரவஞ்சனை அல்லவா?” என்று நல்ல மனதோடே கேட்கிறவர்கள் உண்டு.

இதற்கு 6-ம் நூற்றாண்டில் அர்ச். ஆசீர்வாதப்பர் தம்முடைய துறவிகளுக்கு எழுதின ஒழுங்குப் புத்தகத்தில் விடை இருக்கிறது. பெருங்கூட்டமாக ஒரே பந்தியில் உண்கிறவர்களுக்கு அவர் சட்டம் எழுதவேண்டியிருந்தது. எல்லாருக்கும் ஒரே அளவென்று எழுதிவிட்டால் அவருக்கு வேலை சுலபமாயிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. ஆதிக் கிறீஸ்தவர்கள் அவரவர் அவசரத்துக்குத் தக்கபடி பங்கிட்டுக்கொண்டதை நினைப்பூட்டி, அப்படியே செய்யச் சொன்னார். சமைத்த பதார்த்தம் இரண்டு இருக்கட்டும், ஒன்று ஒத்துக்கொள்ளாதவன் மற்றதைச் சாப்பிடலாம் என்று ஏற்படுத்தினார். மற்றவர்களுக்கு விலக்கின மாமிசத்தை மிகவும் பலவீனப்பட்ட நோயாளிகளுக்கு அனுமதித்தார்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. மனித மனதை நன்றாக அறிந்தவர் ஆனதால் இரண்டு பேருக்கும் புத்தி சொன்னார். குறைவாகத் தேவைப்படுகிறவன் சர்வேசுரனுக்கு நன்றி செலுத்தட்டும், வருத்தப்படாதிருக்கட்டும்; அதிகமாகத் தேவைப்படுகிறவன் தன் பலவீனத்தை நினைத்துத் தாழ்ச்சியாயிருக்கட்டும், தனக்குக் காட்டின இரக்கத்தினால் மேட்டிமை கொள்ளாதிருக்கட்டும் என்பதே அந்தப் புத்திமதியின் கருத்து.

இதை நம் மளிகைச் சீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். பாட்டிக்கு மீன் வாங்கும்போது, “எங்களுக்கு மட்டும் குழம்பா?” என்று முகம் சுளிக்கிற பேரன், தனக்கு நல்ல சுகம் இருக்கிறதற்காக நன்றி சொல்லக் கற்க வேண்டும். பாட்டியும், “நான் நோயாளி, எனக்குத்தான் முதலில்” என்று வீட்டை ஆட்டிவைக்காமல் தாழ்ச்சியாயிருக்கக் கற்க வேண்டும். சிநேகம் சமமாயிருக்க வேண்டியது. பங்கு சமமாயிருக்க வேண்டியதில்லை. வனாந்தரத்தில் இஸ்ராயேல் ஜனங்கள் மன்னாவைச் சேர்த்தபோதுகூட அவரவர் உண்ணத்தக்க அளவே சேர்க்கும்படி கட்டளை பெற்றார்கள். மிஞ்ச வைத்தது புழுத்துப்போயிற்று.

பத்தியம் இருக்கிறவருக்கு ஒரு எச்சரிப்பு

இதுவரையிலும் நோயாளியின் பக்கம் பேசினோம். மறுபக்கமும் உண்டு.

போசனப்பிரியம் என்றால் மிதமிஞ்சிச் சாப்பிடுவது மாத்திரமே என்று நினைக்கிறோம். அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் அதற்கு ஐந்து வகை சொல்லுகிறார். நேரத்துக்கு முந்திச் சாப்பிடுவது, விலையுயர்ந்ததையே தேடுவது, அளவுக்கு மிஞ்சுவது, ஆவலாதியோடே விழுங்குவது, பக்குவம் பக்குவமென்று மிதமிஞ்சி மெனக்கெடுவது. இந்த ஐந்தில் ஒன்று மாத்திரமே அளவைப்பற்றியது. ஆகையால் ஒருவன் வெகு கொஞ்சமாகச் சாப்பிட்டும் போசனப்பிரியனாக இருக்கக்கூடும்.

இக்காலத்தில் இது அடிக்கடி காணப்படுகிற காரியம். நோயொன்றுமில்லாத ஒரு வாலிபன் உடம்பை அழகாக்க வேண்டுமென்று பத்தியம் எடுக்கிறான். கடல் கடந்து வந்த தானியமும் பருப்புப் பாலும் பொடி டப்பாவும் வாங்குகிறான். தகப்பனுடைய சம்பளத்தில் கணிசமான பாகம் அவனுடைய ஒரு வயிற்றுக்குப் போகிறது. தாய் செய்துவைத்ததை வேண்டாமென்று தள்ளுகிறான். வீட்டில் வாயைத் திறந்தால் தன் சாப்பாட்டைப்பற்றியே பேச்சு. கண்ணாடியின் முன் நிற்கிற நேரத்தில் பாதிகூடப் பீடத்தின் முன் நிற்பதில்லை. பெரிய வெள்ளிக்கிழமை ஒருசந்தி என்றால் தலைவலிக்கிறவனுக்கு, இதற்காக மாதக்கணக்கில் பட்டினி கிடக்க முடிகிறது. சரீரத்தைப் பேணச் சொல்லுகிற அதே ஞானோபதேச நூல், சரீரத்துக்கு ஆராதனை செய்கிற போக்கைக் கண்டிக்கவும் செய்கிறது.

தானியேலும் அவருடைய மூன்று தோழர்களும் பாபிலோன் அரமனையில் இராஜபோசனத்தை விட்டுப் பத்து நாள் பருப்பு வகையும் தண்ணீரும் சாப்பிட்டு மற்றவர்களிலும் செழிப்பாக விளங்கினார்கள் என்று வேதாகமத்தில் வாசிக்கிறோம். செழிப்பு அவர்களுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அதைத் தேடி அவர்கள் பத்தியம் இருக்கவில்லை. சர்வேசுரனுடைய கட்டளைக்குத் தீட்டு வராதபடி காப்பதே அவர்கள் நோக்கம்.

இடறலும் ஆதரவும்

விக்கிரகங்களுக்குப் படைத்த மாமிசத்தைச் சாப்பிடலாமா என்று கொரிந்தியர் கேட்டபோது, மாமிசத்தில் குற்றமில்லை. ஆனாலும் என் போசனம் என் சகோதரனுக்கு இடறலாகுமானால் அந்த மாமிசத்தை நான் தொடமாட்டேன் என்ற கருத்தில் அர்ச். சின்னப்பர் பதில் எழுதினார். பத்தியக்காரர் இருக்கிற வீட்டில் மைசூர்பாகையும் மிக்ஸரையும் எப்போதும் கண்ணெதிரே டப்பாவில் நிரப்பி வைத்துக்கொண்டு, “அவருக்கு மனக்கட்டுப்பாடு இல்லை” என்று குறை சொல்லுகிறவர்கள் இந்த நிருபத்தைத் திரும்ப வாசிக்க வேண்டும்.

“பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? அவர்களும் பத்தியமா?” என்று கேட்கலாம். பிள்ளைகளைப் பட்டினி போடச் சொல்லவில்லை. காயும் பயறும் அளவான சோறும் பிள்ளைகளுக்கும் நல்ல போசனமே. தினப்படியான ஆகாரம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றாயிருக்கட்டும். தின்பண்டம் அவ்வப்போது வாங்கி அவ்வப்போது தீரட்டும். மூட்டையாக வாங்கினால் மலிவு என்கிற கணக்கு இங்கே செல்லாது. கிறீஸ்மஸ் வந்தால் பலகாரமும், பாஸ்குத் திருநாள் வந்தால் விருந்தும் இருக்கட்டும். திருநாள் திருநாளாகவே இருக்க வேண்டும். வருஷமெல்லாம் திருநாளாக இருப்பதுதான் தொல்லை.

விருந்துக்குப் போகிற இடத்திலும் ஒரு பழக்கத்தை விட வேண்டும். வேண்டாமென்று ஒருவர் கையை மறிக்கும்போது, “ஒன்றே ஒன்று, நான் சொல்லி மறுக்கலாமா?” என்று இலையில் ஜாங்கிரியை வைக்கிறோம். உபசாரமென்று நினைத்துக்கொண்டு ஒரு நோயாளியை வெட்கத்துக்கும் வியாதிக்கும் நடுவே நிறுத்துகிறோம்.

மேலே சொன்ன அர்ச். பிராஞ்சீஸ்குவின் சரித்திரத்தில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. கடுமையான உபவாசம் இருந்த காலத்தில், நடு இராத்திரியில் ஒரு சகோதரன் பசி தாங்காமல் சாகிறேன் என்று கதறினான். அர்ச்சியசிஷ்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவனுக்கு மாத்திரம் ரொட்டி கொடுத்து அனுப்பவுமில்லை. பந்தி ஆயத்தம்பண்ணச் சொல்லி, அவன் வெட்கப்படாதபடி தாமும் மற்றவர்களும் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பத்தியத்தில் மிகவும் கஷ்டமானது பசியல்ல, தனிமை. எல்லாரும் ஒன்றைச் சாப்பிட, தான் மட்டும் வேறொன்றைச் சாப்பிடுகிற தனிமை. சுண்டலை அவரோடு சேர்ந்து நாமும் சாப்பிட்டால் பத்தியம் பாதி இலேசாகிவிடும்.

ஒருசந்தியும் பத்தியமும்

சிலர் தபசு காலத்தில் நம்மிடம் கேட்கிற சந்தேகத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம். இப்போதுள்ள திருச்சபைச் சட்டப்படி விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள்; 18 வயது நிறைந்தவர்கள் 60-ம் வயது தொடங்கும் வரையில் அதற்கு உட்பட்டவர்கள். சுத்தபோசனக் கடமை 14 வயது நிறைந்ததும் தொடங்கும். ஆனால் நோயாளிகளை வருத்துவது திருச்சபையின் நோக்கமல்ல. சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறவர்கள் வேளைச் சாப்பாட்டை விட்டால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம், அது ஆபத்து. அவர்கள் வைத்தியரைக் கேளாமல் ஒருசந்தி இருக்க வேண்டாம். அப்படியே நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்கிற சட்டமும், 1964-ம் ஆண்டு முதல் இவ்வளவாகக் குறைக்கப்பட்டது, வயோதிகரையும் நோயாளிகளையும் அவர்களைப் பராமரிக்கிறவர்களையும் கட்டுப்படுத்தாது. தண்ணீரும் மருந்தும் யாருக்கும் தடையல்ல.

அப்படியானால் நோயாளிக்குத் தபசே இல்லையா? உண்டு, அதுவும் நாள்தோறும் உண்டு. கடை அலமாரிக்கு முன் நின்று, நாவு கேட்கிறதை எடுக்க நீட்டின கையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுகிற அந்த ஒரு நிமிஷத்தை ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுக்கலாம். ஒருவருக்கும் தெரியாத ஒறுத்தல் அது. தெரிந்துகொண்ட சிலுவையைவிட, வந்து சேர்ந்த சிலுவையைப் பொறுமையோடு சுமப்பது அநேக தடவை அதிகக் கடினம்.

இந்த மாதத்துக்கு நான்கு பிரதிக்கினைகள்

முதலாவது, மளிகைச் சீட்டு எழுதும்போது பத்தியச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் விரித்து வைப்போம். எழுதுகிறவர் தாயாராயிருந்தால், “அம்மா, உங்களுக்கென்று என்ன எழுதினீர்கள்?” என்று பிள்ளைகள் கேட்க வேண்டும். புருஷனும் கேட்க வேண்டும். எழுதாவிட்டால் பேனாவை வாங்கித் தாங்களே எழுத வேண்டும்.

இரண்டாவது, பொட்டலத்தின் பின்புறத்தை வாசிக்காமல் வாங்குவதில்லை என்று தீர்மானிப்போம். வீட்டில் ஆறாம் வகுப்பு வாசிக்கிற பிள்ளையிடம் அந்த வேலையை ஒப்புவித்தால் சந்தோஷமாகச் செய்யும்.

மூன்றாவது, நம் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையாரும் அன்பியங்களும் ஏழைகளுக்கு மளிகைச் சாமான் கொடுக்கும்போது, வாங்குகிறவருக்கு நோயுண்டோ என்று இரகசியமாக விசாரிப்பார்களாக. சர்க்கரை வியாதியுள்ள ஒரு விதவைக்கு ஐந்து கிலோ அரிசியும் ஒரு கிலோ சீனியும் கொடுத்தால் நாம் கொடுத்தது தர்மந்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த தர்மம். அதே பணத்துக்குப் பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் கொடுத்தால் அவள் வீட்டைப் பார்த்துக் கொடுத்ததாகும்.

நான்காவது, பத்தியத்தினால் வீட்டில் மிச்சப்படுகிற பணம், அதாவது வாங்காமல் விட்ட சீனியும் நொறுக்குத்தீனியும் பானமும் எவ்வளவு விலையோ அவ்வளவு, கோவில் பிச்சைப் பெட்டியில் விழட்டும். அப்போது ஒருவருடைய வியாதி இன்னொருவருடைய பசியைத் தீர்க்கும்.

ஆண்டவர் நமக்குக் கற்பித்த செபத்தில் அநுதின அப்பத்தை ‘எனக்கு’ என்று கேட்கச் சொல்லவில்லை. ‘எங்களுக்கு’ என்று கேட்கச் சொன்னார். அந்த ‘எங்களுக்கு’ என்கிற வார்த்தையில் சமையற்கட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளும் அடங்கியிருக்கிறாள்.

மேலே சொன்ன தாயார் இப்போது வீடு திரும்பியிருக்கிறாள். இரண்டு விரல்கள் போயின; கால் தப்பியது, சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம். போன மாதம் அந்த வீட்டுச் சீட்டை மகன் எழுதினான். முதல் வரியில் அரிசி இல்லை. “அம்மாவுக்குப் பாசிப்பயறு, 2 கிலோ” என்றிருந்தது. அதைப் பார்த்து அவள், “எதற்குடா இரண்டு கிலோ? எல்லாரும் சாப்பிடுகிறதாயிருந்தால் வாங்கு” என்றாளாம். எல்லாரும் சாப்பிடுகிறார்கள்.